வெள்ளிக்கிழமைச் சப்பாத்தி

மகன் சிவபாதம் கப்பலில் வேலை பார்ப்பவன். போன ஆண்டு லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு மைக்ரோவேவ் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான். தாய் பரிமளத்துக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும், அடுப்புப் புகை ஆகாது. இந்தப் பெட்டிக்குள் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை, ஒரு திருகு திருகினால் சாமான் வெந்துவிடும் என்று செய்து காட்டினான். ஒரு கோப்பைத் தண்ணீர் கொதித்தது. பார்க்க வந்த அயலெல்லாம் மூக்கில் விரல் வைத்தது. அவன் கப்பலுக்குத் திரும்பிய அன்றே பெட்டிக்கு மேல் கிளிப் படம் பின்னிய துணியொன்று விழுந்தது. துணிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சாடி ஏறியது. காரைநகரில் ஒரு பொருள் எவ்வளவு விலையோ அவ்வளவுக்கு அதைத் தொடாமல் வைத்திருப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. அந்த மரியாதையோடு பெட்டி மாதக்கணக்காக ஹோலில் சும்மா இருந்தது. பரிமளம் குசினியில் புகைக்குள் இருந்தாள்.

அவளுடைய கணவர் அப்புத்துரையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடித்து முப்பத்திரண்டு வருடம். அதில் நாலு வருடம் போக மிச்சமெல்லாம் அவர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார். பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, கோயில் திருவிழா என்று வருடத்தில் மூன்று தரம் பெட்டியும் கையுமாக வருவார், வந்த களை ஆறுமுன் போய்விடுவார். அந்தக் காலத்துக் காரைநகரில் பாதிப் பெண்களுக்கு வாய்த்த சீவியம் அதுதான். யாரும் அதைக் குறையென்று சொன்னதில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த வேட்டியோடு வந்தவர் பிறகு திரும்பிப் போகவில்லை. ஊர் அவரைப் பார்த்து ஐயோ பாவம் என்றது. அவருக்கோ, வெளியே சொல்லக்கூடாது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாக மனைவியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியிருந்தார். விடியற்காலையில் அவள் முற்றம் கூட்டும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பதே அவருக்குப் பெரிய சுகம்.

அந்தச் சுகத்தில் அவர் ஒரு பிழை விட்டார். இரவில் அவருக்குச் சுடச்சுடப் பிட்டு வேண்டும். கடையில் இருந்த காலமெல்லாம் ஆறிய சோற்றைத் தின்று வளர்ந்த வயிறு. வீட்டுப் பிட்டின் ஆவியைக் கண்டால் மனுஷனுக்குத் தலை கால் தெரியாது. மத்தியானச் சமையலைத் தூரத்து உறவுக்காரி சின்னத்தங்கம் வந்து பின்வளவுக் கொட்டிலில் முடித்துவிட்டுப் போய்விடுவாள். இரவுப் பிட்டைப் பரிமளம் யார் கையிலும் விடமாட்டாள். பனைமட்டையை முறித்து வைத்து ஊதி ஊதி அவிப்பாள். மாசி மாதம் ஒருநாள் அப்படி ஊதியவள் மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். கார் பிடித்துப் பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் கொண்டுபோன வழி முழுக்க அவளுடைய நெஞ்சு கீச்சுக் கீச்சென்றது. அப்புத்துரை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, இனிப் பிட்டின் முகத்தில் முழிப்பதில்லை என்று தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

கொழும்பிலிருந்து மகள் மனோகரி ஓடிவந்தாள். வெள்ளவத்தையில் இரண்டு அறைக்குள் புருஷனும் பிள்ளைகளுமாக நெருக்கியடித்து இருக்கிறவள். தாயைக் கண்டதும் அழுதாள். தகப்பனைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே, ஐயா? அம்மாவுக்குப் புகையைக் கண்ணிலையும் காட்டக்கூடாது. இரவிலை பாரமான சாப்பாடு கூடாது, சப்பாத்தி மாதிரி ஏதேன் காணும். ஏப்பிரல் லீவுக்குத் திரும்ப வருவன். அதுக்குள்ளை இஞ்சை புகையில்லாமல் ஒரு ஒழுங்கு செய்யுங்கோ. இல்லாட்டி அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போயிடுவன். எனக்கு அங்கை காஸ் அடுப்பு இருக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாளென்ன கணக்கு? என்னோடை வைச்சிருப்பன்."

"அப்ப நான்?"

மனோகரி பொல்லாதவள் அல்ல. ஆஸ்பத்திரி வாங்கில் இரவெல்லாம் குந்தியிருந்தவள், களைத்துப் போயிருந்தாள். "நீங்கள் முப்பது வருசமா அம்மா இல்லாமல் இருந்தனீங்கள்தானே, ஐயா. பழகினதுதானே" என்றாள்.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாகிவிட்டது அப்புத்துரைக்கு. பிழை என்று மறுத்துச் சொல்ல முடியாத சொல், அதுதான் கொடுமை. வெள்ளவத்தையில் தனக்கும் ஒரு பாய் விரிக்க இடமிருக்குமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இருந்தால் மகளே சொல்லியிருப்பாள். முப்பது வருடம் தூரத்தில் வைத்திருந்த பெண்சாதியை இப்போதுதான் கிட்டக் கண்டிருக்கிறார். அவளை ஒரு சப்பாத்திக்காக இழக்கப் போகிறோமா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மனோகரி றெயிலேறிய மறுநாள் பூச்சாடியைத் தூக்கிக் கீழே வைத்தார். கிளித் துணியை உருவி எறிந்தார்.

பரிமளம் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்தாள். "என்ன செய்யப் போறியள்?"

"சப்பாத்தி."

"ஆர்?"

"நான்தான். சிவபாதம் சொன்னவனெல்லே, கப்பலிலை பம்பாய்க் குசினிக்காரன் உந்தப் பெட்டிக்குள்ளைதான் சப்பாத்தி வாட்டிக் குடுக்கிறவனாம். மாவை மெல்லிசா உருட்டி அரை நிமிசம் ஒரு பக்கம், அரை நிமிசம் மற்றப் பக்கம். உதென்ன பெரிய வித்தையே?"

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கும்வரை அப்புத்துரை பயந்துபோய் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சரி, சுடுங்கோ. ஆனால் அதுக்கு முதல் எனக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றாள் அவள். "உந்தப் பெட்டி சைவமோ, மச்சமோ?"

கேள்வி நியாயமானது. அந்த வீட்டில் மீன் சமைக்கிற சட்டிகள் கொட்டிலில் இருந்தன, மரக்கறிச் சட்டிகள் குசினித் தட்டில் இருந்தன. ஒன்றின் அகப்பை மற்றதற்குள் போகாது. ஒரு சட்டி ஒருதரம் மச்சமானால் உடையும்வரை மச்சம்தான். வெள்ளிக்கிழமையில் இந்தச் சட்டம் இன்னும் இறுகும். அன்று பரிமளம் விரதம். விடிய முன்னே தலையில் வார்த்து, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, மத்தியானம் ஒருநேரச் சோறும் இரவில் ஏதும் பலகாரமும்தான் எடுப்பாள். கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிறார்கள் என்று பேக்கரிப் பாணைக்கூட அன்று தொடமாட்டாள். மீன்சட்டி கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்காலைத் தாண்டிப் போகமாட்டாள். காய்ச்சலில் கிடந்த வெள்ளியிலும் அவள் இதை விட்டதில்லை.

"சட்டியெண்டால் நெருப்பிலை காயுது, பாதித் தீட்டாவது போகும்" என்று அவள் விளக்கினாள். "உதுக்குள்ளை நெருப்புமில்லை. அதாலை முதலே சொல்லிப்போடுங்கோ."

"சைவம்" என்றார் அப்புத்துரை, நீதிமன்றத்தில் சொல்வதுபோல. பரிமளம் எழுந்து வந்து பெட்டிக் கதவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

பொட்டு வைத்தும் சப்பாத்தி இலேசில் வசப்படவில்லை. முதல் நாள் எவர்சில்வர் தட்டில் வைத்துத் திருகினார். பெட்டிக்குள் மின்னல் அடித்தது. அலுமினியமும் எவர்சில்வரும் வைக்காதே என்று மகன் சொன்னது மின்னலுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. உருட்டுவதற்குக் கட்டை இல்லை, சோடாப் போத்தலால் உருட்டினார். வட்டமாக வர வேண்டியது நெடுந்தீவின் படம்போல ஒரு பக்கம் இழுபட்டு வந்தது. பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போது வெள்ளையாகப் பொங்கி நின்றது, சாப்பாட்டுக் கோப்பையில் வைத்து இரண்டு சொல் கதைப்பதற்குள் இறுகிவிட்டது. பரிமளம் அதை விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்றது.

"எறியாதேங்கோ. கொட்டிலிலை ஒரு ஓடு உடைஞ்சிருக்கு, அளவாயிருக்கும்."

"நக்கலடியாதையும். நாளைக்குப் பாரும்."

நாளைக்கும் ஓடுதான். பெட்டியைத் திருகும்போதெல்லாம் வீட்டு லைட் மங்கிச் சிவந்தது. பக்கத்து வளவு லைட்டும் மங்கியது. பக்கத்து வளவு இராசநாயகம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அப்புத்துரை அண்ணை, இன்னும் எத்தினை சப்பாத்தி இருக்கு? றேடியோவிலை செய்தி போகுது, ஒரு சொல்லும் விளங்கேல்லை" என்று கூவுவான். இப்படியாக அப்புத்துரை சப்பாத்தி சுடுகிற செய்தியும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. சந்தையில் அவரைக் கண்டவர்கள் கறியை விசாரித்தார்கள்.

அவர் அசையவில்லை. கடைக்காரனுக்கு ஒரு குணம் உண்டு. போகாத சரக்கைப் போகவைக்கும்வரை நித்திரை வராது. பரிமளம் கதிரையில் இருந்தபடி வாயால் வழிகாட்டினாள். தண்ணீர் விடாமல் இளஞ்சூட்டுப் பாலில் குழைக்கச் சொன்னாள். குழைத்ததை ஈரத்துணியால் மூடி ஊறவிடச் சொன்னாள். வாட்டும்போதும் மேலே ஒரு ஈரத்துணியைப் போட்டுப் பார்ப்போம் என்றது அவருடைய மூளை. கண்ணாடித் தட்டில் வைத்து, துணி போட்டு, திருகி, மறுபக்கம் பிரட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். மெத்தென்று இருந்தது. தணலின் கறுப்புப் புள்ளி ஒன்றும் இல்லாமல் வெள்ளைவெளேரென்று இருந்தாலும், சப்பாத்தி சப்பாத்திதான்.

ஆனால் அதற்கு ஒரு குறுக்குப் புத்தி இருந்தது. சூட்டோடு தின்றால் சப்பாத்தி, ஆறவிட்டால் செருப்பு. சுட்டு அடுக்கிவைத்து இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட முடியாது. ஒருவர் சுடச்சுட மற்றவர் தின்ன வேண்டும்.

"முதல் நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாள் பரிமளம்.

"நான் சாப்பிட்டால் ஆர் சுடுறது? நீர் இரும்."

"நீங்கள் சாப்பிடாமல் நான் எப்பிடி..."

"உது ஆறுது, பரிமளம்! சாப்பிடும்!"

அவள் கூச்சத்தோடு கிழித்து வாயில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, கடைசியில் சட்டியோடு சாப்பிட்டுப் பழகியவள். அவள் சாப்பிடுவதை அப்புத்துரை அன்றைக்குத்தான் நின்று பார்த்தார். இடப்பக்கத்தால்தான் மெல்லுகிறாள், சம்பலைக் கடைசித் துண்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறாள் என்பதெல்லாம் இந்த வயதில் அவருக்குத் தெரியவந்த சங்கதி. இவ்வளவு நாளும் இதைத் தெரியாமல் இருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது, இப்போதாவது தெரிந்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"உப்புக் காணாது" என்றாள். நாலு சாப்பிட்டாள்.

பங்குனி முழுக்க அப்படியே போனது. இரவில் அடுப்பு மூளவில்லை. பரிமளத்தின் நெஞ்சுக் கீச்சு அடங்கியது. சனிக்கிழமை காலையில் வருவதாக மனோகரி அறிவித்திருந்தாள். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று அப்புத்துரை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை வியாழக்கிழமை இரவுதான் நடந்தது.

சின்னத்தங்கம் அன்று மத்தியானம் ஓராமீன் குழம்பு வைத்திருந்தாள். பரிமளம் இரவில் மீன் எடுப்பதில்லை. உருளைக்கிழங்குப் பிரட்டலோடு சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு முன்வாசலில் காற்றுக்குப் போய் இருந்தாள். மிச்சக் குழம்பு கொட்டிலில் ஆறிக் கிடந்தது. அப்புத்துரைக்கு நாக்கு ஊறியது. அடுப்பை மூட்டினால் புகை முன்வாசலுக்குப் போகும். இந்தப் பெட்டியில் ஒரு நிமிடம் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி மூடிதானே வைக்கிறோம், பெட்டியில் ஒட்டவா போகிறது என்று அவருடைய நாக்கு அவருடைய மூளைக்குச் சொல்லிக்கொடுத்தது. மூளை கேட்டது. ஓராவின் வயிற்றில் சினை இருந்ததை நாக்கும் நினைக்கவில்லை, மூளையும் நினைக்கவில்லை. பெட்டிக்குள் படீரென்று வெடித்தது. மூடி ஒரு பக்கம், குழம்பு எல்லாப் பக்கம்.

அவர் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு கழுவத் தொடங்கினார். சவர்க்காரத்தால் கழுவினார், தேசிக்காயால் தேய்த்தார், புளியால் தேய்த்தார், மஞ்சள் தண்ணீரால் துடைத்தார். சாம்பிராணி போட்டால் புகையென்று பன்னீர் தெளித்தார். எல்லாம் முடிந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தால், கல்யாண வீட்டில் மீன் விற்றதுபோல ஒரு வாசம். கதவிலிருந்த சந்தனப் பொட்டும் கழுவுப்பட்டுப் போயிருந்தது. புதிதாக ஒன்றைத் தன் விரலாலேயே வைத்துவிட்டார். நாளைக்கு வெள்ளி, பரிமளத்துக்குப் பழமும் பாலும் கொடுத்துச் சமாளிக்கலாம், சனிக்கிழமை மகள் வருவதற்குள் வாசம் போய்விடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து மனோகரி இறங்கினாள். பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு ஒருநாள் முந்தியே வந்திருந்தாள். தாயைக் கட்டிப்பிடித்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கீச்சில்லை. அவளுடைய முகம் கொஞ்சம் இளகியது.

"ஐயாதான் இரவிலை சப்பாத்தி சுட்டுத் தாறார்" என்று பரிமளம் சொன்னாள். அந்தச் சொல்லில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்ட அப்புத்துரை பெட்டிப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இண்டைக்கு இரவு நான் பாக்கிறன்" என்றாள் மனோகரி. "ஒவ்வொரு நாளும் நடக்கிற விசயமோ, அல்லாட்டி எனக்குக் காட்டுறதுக்கோ எண்டு பாத்தால் தெரியும். அம்மா இரவுக் குளிசையை வெறுவயித்திலை போடக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேணும், புகையும் இருக்கக்கூடாது. ரெண்டும் நடந்தால் நான் தனியப் போறன். இல்லாட்டி நாளைக்கு இரவு றெயிலுக்கு அம்மா என்னோடை."

பகலெல்லாம் அப்புத்துரை பூனைபோல வீட்டைச் சுற்றினார். வாயை மூடிக்கொண்டு சப்பாத்தியைச் சுட்டுக் கொடுத்துவிடலாம். மகள் பார்ப்பாள், திருப்தியோடு போவாள், பரிமளம் இங்கேயே இருப்பாள். உள்ளதைச் சொன்னால் அவள் அந்தப் பெட்டிச் சாப்பாட்டைத் தொடமாட்டாள். மகளுக்குமுன் ஏதாவது செய்ய வேண்டுமென்று போய் அடுப்பை மூட்டுவாள். அதோடு கதை முடிந்தது. பழமும் பாலும் கொடுத்துச் சமாளித்தால், சப்பாத்தி சுட்டதே பொய்யென்று மகள் நினைப்பாள். பொய் சொல்லத் தெரியாதவரல்ல அப்புத்துரை. பழைய பருப்பைப் புதிய பருப்பென்று சொல்லாத கடைக்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? ஆனாலும் இவளுடைய வெள்ளிக்கிழமையில் கைவைக்க அவருக்கு மனம் துணியவில்லை. அவள் தன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, கடையை விட்டுவிட்டு வா என்று கேட்டதில்லை. அவளுக்கென்று இருந்தது இந்த ஒருநாள்தான்.

மத்தியானம் மனோகரி றெயில் களையில் கண்ணயர்ந்தபோது, பரிமளம் முற்றத்தில் விளக்குக்கு வைக்க நந்தியாவட்டைப் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். அப்புத்துரை போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பரிமளம், நான் ஒரு வேலை செய்துபோட்டன்."

அவள் பூவைப் பறித்துக்கொண்டே இருந்தாள்.

"நேற்று இரவு அந்தப் பெட்டிக்குள்ளை ஓராக் குழம்பு வைச்சனான். சினை வெடிச்சுப் போச்சு. கழுவினனான், எண்டாலும்..."

"தெரியும்" என்றாள். "விடியவே மணந்தது. பொட்டும் கோணலா இருந்தது."

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாத்தனான்."

அப்புத்துரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்ப பிள்ளையிட்டை நானே உள்ளதைச் சொல்லுறன். உம்மடை விரதத்தைக் கெடுத்து உம்மை இஞ்சை வைச்சிருக்க எனக்கு வேண்டாம். நீர் அவளோடை போம். நான் இருப்பன். பழகினதுதானே."

பரிமளம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பூக்கூடையை எடுத்துக்கொண்டு படியேறும்போதுதான், "பின்னேரம் மாவைக் குழைச்சு வையுங்கோ" என்றாள்.

அவர் குழைத்தார். எதற்கென்று தெரியாமலே குழைத்தார். விளக்கேற்றி, தேவாரம் பாடி, நெற்றி நிறையத் திருநீற்றோடு பரிமளம் வந்து மேசையில் இருந்தாள். எதிரே மனோகரி. அப்புத்துரை சோடாப் போத்தலால் உருட்டி, கண்ணாடித் தட்டில் வைத்து, ஈரத்துணி போட்டுத் திருகினார். சப்பாத்தி பொங்கியது. அதோடு சேர்ந்து, பெட்டிக் கதவு திறந்ததும், ஓராமீனும் வெளியே வந்தது.

மனோகரியின் மூக்கு சுருங்கியது. எழுந்து வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அவள் பரிமளம் பெற்ற பிள்ளை, அவளுக்கா தெரியாது?

"ஐயா! இதுக்குள்ளை மீன் வைச்சனீங்களோ?"

"ஓம், பிள்ளை. நேற்று."

"நாளைக்கு வெள்ளி எண்டு தெரிஞ்சுகொண்டுமோ? ஒரு மாசம், ஒரு மாசம் உங்களாலை ஒழுங்கா இருக்க ஏலாமல் போச்சு! இனி அம்மா இதைத் தொடமாட்டா. அடுப்படிக்குத்தான் போவா. புகையைக் குடிப்பா. பேந்து நீங்கள் கார் பிடிப்பியள்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு உங்களிலை கோவமில்லை, ஐயா. உங்களுக்கு அம்மாவைத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் அவவோடை இருந்ததேயில்லை. அம்மா, எழும்பு. உடுப்பை அடுக்குவம்."

அப்புத்துரை சப்பாத்தியைக் கையில் ஏந்தியபடி நின்றார். சூடு உள்ளங்கையைச் சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

பரிமளம் எழும்பவில்லை. கோப்பையை அவர் பக்கம் நீட்டினாள்.

"போடுங்கோ."

"பரிமளம், வேண்டாம்."

"போடுங்கோ எண்டுறன். ஆறுது."

அவர் போட்டார். அவள் ஒரு துண்டு கிழித்து, சம்பலைத் தொட்டு வாயில் வைத்து, அவசரமில்லாமல் மென்று விழுங்கினாள். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருந்தது. மனோகரி பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டாள்.

"அம்மா, இண்டைக்கு வெள்ளியெல்லே!"

"வெள்ளிதான். நான் ஏன் வெள்ளி பிடிக்கிறன் எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை. அவரும் கேக்கேல்லை" என்றாள் பரிமளம். மகளிடம்தான் சொன்னாள், அவரைப் பார்க்கவில்லை. "ஐம்பத்தெட்டிலை கலவரம் நடக்கேக்கை நீ பாலர் வகுப்பு. உன்ரை ஐயா உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டு சொல்ல ஒரு ஆள் இல்லை. தெற்கிலை தப்பின சனத்தை ஏத்திக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. வந்தவையெல்லாம் வந்திட்டினம், அவரைக் காணேல்லை. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நயினாதீவு அம்மாளிட்டைக் கேட்டனான், இந்த மனுசன் என்ரை குசினி வாசல்லை வந்து நிண்டாக் காணும் தாயே, வெள்ளிக்கு வெள்ளி உனக்கு விரதம் இருக்கிறன் எண்டு. அடுத்த கப்பலிலை வந்தார். வந்தவர் கொஞ்ச நாளிலை திரும்பக் கடைக்குப் போயிட்டார். நானும் திரும்ப அதையே கேட்டன். ஒவ்வொரு வெள்ளியும் அதைத்தான் கேட்டன். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

இன்னொரு துண்டு கிழித்தாள்.

"இப்ப வந்து நிக்கிறார். வாசல்லை இல்லை, உள்ளுக்கை. எனக்குப் பசிக்குமெண்டு மா குழைக்கிறார். இதை நான் மீன் மணக்குதெண்டு தள்ளிவிட்டால், கேட்டதைக் குடுத்தவ என்னைப் பற்றி என்ன நினைப்பா? அம்மாளிட்டை நான் கதைச்சுக்கொள்ளுறன், அது எங்கள் ரெண்டு பேற்றை விசயம். நீ கூட்டிக்கொண்டு போறதெண்டால் எங்களை ஒண்டாக் கூட்டிக்கொண்டு போ. ஏலாதெண்டால் ஒண்டா விட்டிட்டுப் போ."

மனோகரி தாயின் கோப்பையைப் பார்த்தாள், தகப்பனின் மாப்படிந்த கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து குசினிக்குள் போய் இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

அப்புத்துரைக்கு இது எல்லாமே புதிய கதை. கடையில் இருந்த காலத்தில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் வந்து போயிருக்கும்; அன்றைக்கெல்லாம் அவர் கல்லாவில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, தன்னை யாரும் தேடவில்லை என்று நினைத்திருக்கிறார். தன் வாழ்நாளில் யாரும் தன்னை இவ்வளவுக்கு விரும்பியிருப்பார்கள் என்று அவர் எண்ணியதேயில்லை. கண்ணீர் வந்து மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கையில் மா. தோளால் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் பரிமளம். "பிள்ளையும் விடியத் தொடக்கம் ஒண்டும் ஒழுங்காச் சாப்பிடேல்லை. அடுத்ததை உருட்டுங்கோ."

அவர் போத்தலை எடுத்தார்.